பழைய ரயில் தடத்தில் நடைப்பயணம்: எந்தப் பாதை, எந்தத் துண்டு, எப்படி?

ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, ஜல்லியைச் சமப்படுத்தி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்ட பாதைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் இப்படி 40,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஸ்பெயினில் 1993 முதல் இதை ஒரு தேசியத் திட்டமாகவே நடத்துகிறார்கள். பிரிட்டனில் 1960களில் மூடப்பட்ட கிளைப்பாதைகளில் பல இப்போது நடைபாதைகள். இத்தனை இருப்பதால்தான் எந்தப் பாதைக்குப் போவது என்ற குழப்பமும் வருகிறது.

பெரும்பாலானவர்கள் நீளத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். "ரயில் பாதைதானே, மேடு பள்ளம் இருக்காது, 25 கிலோமீட்டர் நடந்துவிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நீளம் இரண்டாவது கேள்வி. அந்த நிலத்தில் ரயில் போடுவதற்கு எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரயில் போட்டவர்களுக்குக் கஷ்டம் கொடுத்த நிலம்தான் இன்று நடப்பவருக்கு நல்ல நிலம்.

காரணம் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது பிடிமானம் குறைவு. அதனால் 100 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர், மிஞ்சிப்போனால் 2 மீட்டர் என்ற அளவில்தான் பாதையை ஏற்ற முடிந்தது. அதற்கு மேல் போனால் எஞ்சின் திணறும். வளைவையும் நினைத்தபடி போட முடியாது. சமவெளியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தது மாதிரி பாதை நேராகப் போய்விடும். மலையும் ஆறும் குறுக்கே வரும்போதுதான் வேலை ஆரம்பிக்கும். பள்ளத்தை மண் கொட்டி மேடாக்க வேண்டும், பாறையை வெட்டி வழி விட வேண்டும், ஆற்றுக்கு மேல் வளைவுப் பாலம் கட்ட வேண்டும், ஒன்றும் முடியாவிட்டால் மலையைக் குடைய வேண்டும். நடக்கிறவர் பார்க்கப்போவது இந்த வேலைகளைத்தான்.

சமவெளித் தடமா, மலைத் தடமா?

சைக்கிளில் போகிறவருக்கும் நடக்கிறவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வேகம். நடப்பவர் ஒரு மணி நேரத்தில் 4 அல்லது 5 கிலோமீட்டர் போவார். நேரான சமவெளித் தடத்தில் 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு மரம் தெரிகிறது என்று வையுங்கள். சைக்கிள்காரர் பத்து நிமிடத்தில் அதைத் தாண்டிவிடுவார். நடப்பவருக்கு அந்த மரம் முக்கால் மணி நேரம் கண்ணெதிரிலேயே நிற்கும். இதைப் பலர் முன்கூட்டியே யோசிப்பதில்லை. இணையத்தில் வரும் பரிந்துரைகளில் பெரும்பகுதி சைக்கிள்காரர்கள் எழுதியவை என்பதும் ஒரு காரணம். அவர்களுக்கு அருமையாக இருந்த 40 கிலோமீட்டர், நடப்பவருக்கு இரண்டு நாள் அலுப்பாக முடியலாம்.

மலைத் தடத்தில் நிலைமை வேறு. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் இருக்கும் மான்சல் டிரெய்லை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 13.7 கிலோமீட்டர்தான். 1968இல் ரயில் நின்றது, 1981இல் நடைபாதை ஆனது. வை ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. அந்தக் குறுகிய தூரத்துக்குள் உயரமான கல் பாலங்கள், சுண்ணாம்புப் பாறை வெட்டுகள், பழைய நிலையங்கள், சுரங்கங்கள் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. பெரிய சுரங்கங்கள் நான்கும் சுமார் 400 மீட்டர் நீளம் கொண்டவை. பாதுகாப்பு கருதி அவற்றை முதலில் மூடியே வைத்திருந்தார்கள். நடப்பவர்கள் சுற்றுப்பாதையில் ஏறி இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. 2011இல் அவற்றைத் திறந்த பிறகுதான் பாதை முழுமையானது. அரைநாளில் நடந்து முடிக்கலாம், கண்ணுக்கு ஓய்வே இருக்காது.

இன்னொரு உதாரணம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை. 1967இல் திறக்கப்பட்டது. ரயில் தடத்தை நடைபாதையாக மாற்றிய ஆரம்பகால முயற்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் மூன்று சுரங்கங்கள். அவற்றில் நீளமானது 1.1 கிலோமீட்டரைத் தாண்டும், உள்ளே விளக்கு கிடையாது. அதில் சைக்கிள்காரர்களும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது விதி.

நீளமான சுரங்கத்துக்குள் நடப்பது எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது இதற்கு எடை அதிகம். வாயிலை நெருங்கும்போதே குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மேல்சட்டை தேவைப்படும். இருபது, முப்பது அடி வைத்ததும் கண் இருட்டிவிடும். பழகுவதற்கு ஒரு நிமிடம் நின்றுகொள்வது நல்லது. மேலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம் நம் காலடிச் சத்தமே நமக்குப் பின்னால் யாரோ வருவது போலத் திரும்பி வரும். டார்ச்சைக் கூரைப் பக்கம் காட்டினால், நீராவி எஞ்சின்களின் கரி இன்னும் செங்கல்லில் படிந்திருப்பதைச் சில இடங்களில் பார்க்கலாம். பக்கச் சுவரில் ஒரு ஆள் ஒண்டி நிற்கிற அளவுக்கு மாடக்குழி மாதிரி இடங்கள் வரும். உள்ளே வேலை பார்க்கும்போது ரயில் வந்துவிட்டால் தொழிலாளர்கள் ஒதுங்கி நின்ற இடங்கள் அவை. அதற்குள் ஒரு தடவை நின்று பாருங்கள். தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி ரயில் பாய்ந்து போயிருக்கும் என்பது அப்போதுதான் உறைக்கும். சுரங்கம் வளைவாக இருந்தால் நடுவில் ஓரிடத்தில் முன்னாலும் வெளிச்சம் தெரியாது, பின்னாலும் தெரியாது.

இது எல்லோருக்கும் பிடிக்காது. இருட்டுக்கும் அடைசலுக்கும் பயப்படுகிறவர் கூட வந்தால், நீளமான சுரங்கம் உள்ள துண்டை விட்டுவிட வேண்டும். பாதி தூரம் போய்த் திரும்புவது இரண்டு பங்கு வேதனை. குழந்தைகளைப் பொறுத்தவரை, கையில் ஆளுக்கொரு டார்ச் கொடுத்துவிட்டால் மறுபடியும் உள்ளே போகலாமா என்று கேட்பார்கள்.

மலைத் தடங்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஸ்பெயினின் தெற்கே உள்ள பசுமை வழிப் பாதையுடையது. ஒல்வேரா என்ற ஊருக்கும் புவெர்ட்டோ செர்ரானோ என்ற ஊருக்கும் இடையே சுமார் 36 கிலோமீட்டர். வழியில் 30 சுரங்கங்கள். 1920களில் மலையைக் குடைந்து, பாலம் கட்டி, நிலையக் கட்டடங்கள்கூட எழுப்பிவிட்டார்கள். ஆனால் திட்டம் முடியவே இல்லை. அந்தத் தடத்தில் ஒரு ரயில்கூட ஓடியதில்லை. அத்தனை பேர் உழைப்பும் பல பத்தாண்டுகள் சும்மா கிடந்து, கடைசியில் நடப்பவர்களுக்குத்தான் பயன்பட்டது. வழியில் ஸாஃப்ராமகோன் என்ற பெரிய பாறைக் குன்று வரும். கழுகு இனத்தைச் சேர்ந்த பிணந்தின்னிப் பறவைகள் கூட்டமாக வாழும் இடம் அது. நடந்துபோகும்போது நின்று நிமிர்ந்து பார்க்க முடிகிறது. இந்த மாதிரி இடத்துக்கு நடந்து போவதே சரி.

அப்படியானால் நீளமான சமவெளித் தடங்களை விட்டுவிட வேண்டுமா? தேவையில்லை. முழுதாக நடக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால் போதும். மிசோரி மாநிலத்தின் கேட்டி டிரெய்ல் 380 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் ரோச்போர்ட் என்ற சிற்றூரை ஒட்டிய துண்டில், ஒரு பக்கம் மிசோரி ஆறும் மறுபக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறையும் நெருக்கிக்கொண்டு வரும். அங்கே ஒரு சின்னச் சுரங்கமும் உண்டு. அந்தத் துண்டை மட்டும் நடக்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் பாதையும் இதே மாதிரிதான். 1990இல் ரயில் நின்று, 2000இல் நடைபாதையாகத் திறக்கப்பட்டது. கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மரமில்லாத, புல் மட்டும் முளைத்த மேட்டுநிலம். ஆனால் லாடர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பூல்பர்ன் மலையிடுக்கில் இரண்டு சுரங்கங்களும் உயரமான பாலமும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அங்கே போங்கள்.

நல்ல துண்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) தெரியும்படி வைத்துக்கொண்டு, தடத்தின் மேல் விரலை ஓட்டுங்கள். தடம் எங்கே நெளிகிறதோ, உயரக்கோடுகள் எங்கே நெருங்கிக் கிடக்கின்றனவோ, ஆறு எங்கே அடிக்கடி குறுக்கே வருகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. பத்து கிலோமீட்டருக்கு நேர்கோடாக இருந்தால் அதைச் சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிடலாம். குறுகிய அகலத் தண்டவாளம் போட்ட தடங்கள் இன்னும் அதிகமாக வளையும். இத்தாலி, ஸ்லோவேனியா, குரோவேஷியா மூன்றையும் தொட்டுச் செல்லும் பாரன்சானா தடம் அப்படிப்பட்டது. 760 மில்லிமீட்டர் அகலமே கொண்ட ரயில் 1902 முதல் 1935 வரை அதில் ஓடியது. சின்ன ரயில் என்பதால் கொஞ்சம் செங்குத்தாக ஏறும், கூர்மையாகத் திரும்பும். நடப்பவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு காட்சி.

நகரத்துக்கு நடுவே உள்ளவை

நியூயார்க்கின் ஹை லைன், பாரிஸின் கூலே வெர்ட் இரண்டும் வேறு இனம். ஹை லைன் 1934 முதல் 1980 வரை சரக்கு ரயில் ஓடிய உயர்மட்டப் பாதை. 2009இல் பூங்காவாகத் திறக்கத் தொடங்கி, இப்போது 2.3 கிலோமீட்டர் நீளம். பாரிஸில் 1859இல் தொடங்கி 1969இல் நின்றுபோன வான்சேன் ரயில் தடம் 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர்.

இரண்டில் எது என்றால், நடப்பதற்காகவே போகிறவருக்கு நான் பாரிஸைத்தான் சொல்வேன். அது முதலில் வளைவுப் பாலத்தின் மேல் வீட்டு மாடிகளின் உயரத்தில் போகிறது, அப்புறம் தரைக்கு வருகிறது, பிறகு வெட்டுப்பள்ளத்துக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் இறங்குகிறது. ஒரு ரயில் பாதையில் என்னென்ன உண்டோ எல்லாம் ஒரே மணி நேரத்தில் காலுக்குக் கிடைத்துவிடும். ஹை லைன் தோட்டக்கலைக்காகப் பார்க்க வேண்டியது. ரயில் நின்ற இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் தானாக முளைத்த காட்டுச் செடிகளைப் பார்த்து, அதே சாயலில் செடி வைத்திருக்கிறார்கள். பழைய தண்டவாளத் துண்டுகளையும் இடையிடையே விட்டுவைத்திருக்கிறார்கள். சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பது நடப்பவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கூட்டம். கை வீசி நடக்க வேண்டுமென்றால் அதிகாலையில் போக வேண்டும். லிஃப்ட் வசதி இருப்பதால் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் மேலே அழைத்துப்போகலாம்.

மலையேற்றப் பாதையோடு வைத்துப் பார்த்தால்

ஒரே விடுமுறை நாள்; வழக்கமான மலையேற்றமா, பழைய ரயில் தடமா என்று யோசிப்பவர்களுக்கு. கூட யார் வருகிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். மூட்டுவலிக்காரர், தள்ளுவண்டியில் குழந்தை, நடந்து பழகாத நண்பர், வேகமாக நடக்கும் அண்ணன் என்று கலவையான கூட்டம் என்றால் ரயில் தடத்துக்கு ஈடு இல்லை. பாதை அகலமாக இருப்பதால் இரண்டு பேர், மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம். மலைப்பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது பேச்சு நடக்காது. நெடுநாள் கழித்துச் சந்திக்கும் இரண்டு பேர் நாள் முழுக்கப் பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கிடைக்காதது என்னவென்றால், உச்சிக்கு ஏறி நின்ற நிறைவு. ரயில் தடம் மலை முகட்டுக்குப் போகாது. முகட்டைத் தவிர்ப்பதற்காகவே போட்டது. பள்ளத்தாக்கின் பாதி உயரத்தில் விளிம்பை ஒட்டியே போகும். காட்சி கிடைக்கும், ஆனால் மேலிருந்து நாலாபக்கமும் தெரியாது.

உடம்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலைப்பாதையில் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும். ஏற்றத்தில் ஒரு தசை, இறக்கத்தில் இன்னொரு தசை வேலை செய்யும். சமமான தடத்தில் மணிக்கணக்காக ஒரே அடி, ஒரே அழுத்தம். மூச்சு வாங்காது என்பதால் தூரம் போவதே தெரியாது. அப்புறம் திடீரென்று உள்ளங்கால் எரியும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், கொப்புளம் வரும். மலையில் 15 கிலோமீட்டர் நடக்க முடிகிறவர் இங்கே 30 நடக்கலாம் என்று போடும் கணக்கு இந்த இடத்தில்தான் தவறுகிறது. முதல் தடவை 15 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, காலுறையைச் சரிசெய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

காலடியில் என்ன இருக்கிறது?

இதைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. தார் போட்டதா, கல்தூள் இறுக்கியதா, ஒன்றும் செய்யாமல் விட்டதா?

நடப்பவருக்குச் சிறந்தது நொறுக்கிய சுண்ணாம்புக் கல்தூளை உருளை ஓட்டி இறுக்கிய தரை. அமெரிக்காவின் கேட்டி, எல்ராய்–ஸ்பார்ட்டா, கிரேட் அலெகனி பாசேஜ் ஆகிய பாதைகள் பெரும்பாலும் இப்படித்தான். காலுக்குக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், வழுக்காது. கீழே பழைய ஜல்லி இருப்பதால் மழைநீர் சீக்கிரம் வடிந்துவிடும். தண்ணீர் வடிவதற்காகத்தானே ரயிலுக்கு அவ்வளவு ஜல்லி கொட்டினார்கள்! சாதாரண ஓட்டக் காலணியே போதும், கனமான மலையேற்றக் காலணி பாரம்தான்.

தார் போட்ட தடம் சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் நல்லது. ஆனால் சைக்கிள்கள் வேகமாக வரும், நீண்ட தூரத்துக்குக் கால் வலிக்கும். ஜெர்மனியின் ஆஹனில் தொடங்கி பெல்ஜியம் வழியாக லக்ஸம்பர்க் போகும் வென்பான் 125 கிலோமீட்டர் நீளம், பெரும்பாலும் தார். முதல் உலகப்போருக்குப் பின் அந்த ரயில் தடத்தைப் பெல்ஜியத்துக்குக் கொடுத்துவிட்டதால், அந்தக் குறுகிய நாடாவுக்கு அப்பால் சிக்கிய ஜெர்மன் ஊர்கள் இன்றும் தனித் துண்டுகளாகவே இருக்கின்றன. தெரிந்துகொள்ள நல்ல வரலாறுதான். ஆனாலும் அங்கே சைக்கிளில் போவதையே சொல்வேன்.

மூன்றாவது வகை, யாரும் சீரமைக்காமல் விட்டுப்போன தடம். ஆள் நடமாட்டம் இருக்காது, செடி கொடி மூடியிருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நடக்க ஏற்றதில்லை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கட்டைகள் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். பெரியவர் எடுத்துவைக்கும் அடி 70 சென்டிமீட்டருக்கு மேல். கட்டைக்குக் கட்டை கால் வைத்தால் அடி குறுகும், ஒன்று விட்டு ஒன்று வைத்தால் எட்டாது. இடையில் விட்டால் உருளும் ஜல்லி. கணுக்கால் பிசகுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. பாலங்களில் தரை இருக்காது, சுரங்கக் கூரை உதிரலாம், நிலம் யாருக்குச் சொந்தம் என்பதும் தெரியாது. அதைவிட முக்கியம், ரயில் நின்றுவிட்டதா என்பதே சில இடங்களில் சந்தேகம். எப்போதாவது சரக்கு வண்டி ஓடும் தடங்கள் துருப்பிடித்துத்தான் இருக்கும். அதிகாரப்பூர்வமாகத் திறந்துவிட்ட பாதையைத் தவிர வேறு எதிலும் கால் வைக்காதீர்கள்.

ஒருவழியா, போய்த் திரும்புவதா, பல நாளா?

ரயில் தடம் வட்டமாக வராது. கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது எப்படி என்பது எல்லா இடத்திலும் இருக்கும் கேள்வி.

போய்த் திரும்புவது சுலபமான ஏற்பாடு. குறையும் தெரிந்ததுதான்: திரும்பும்போது அதே காட்சி. மலைத் தடத்தில் இது அவ்வளவு உறுத்தாது. வெளிச்சம் மாறியிருக்கும், பாலம் எதிர்ப்பக்கத்திலிருந்து வேறு மாதிரி தெரியும். சமவெளித் தடத்தில் திரும்பி வருவது தண்டனை.

ஒருவழியாக நடப்பதுதான் நல்லது. அதற்கு ஒரு தந்திரம்: வண்டியை முடிவிடத்தில் நிறுத்திவிட்டு, காலையிலேயே பேருந்திலோ வாடகைக் காரிலோ தொடக்கத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து நம் வண்டியை நோக்கி நடக்கலாம். மாலையில் கடைசிப் பேருந்து போய்விடுமோ என்ற பதற்றமே இருக்காது. எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வரலாம். அமெரிக்காவின் இடாஹோ–மான்டானா மாநில எல்லையில் உள்ள ஹியாவதா பாதையில், 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள டாஃப்ட் சுரங்கத்தையும் உயரமான இரும்புப் பாலங்களையும் தாண்டிக் கீழே வந்தபின், மேலே கொண்டுவிடப் பருவகாலத்தில் பேருந்தே விடுகிறார்கள். இப்படி ஏற்பாடு உள்ள பாதைக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

பல நாள் நடை என்று வரும்போது சைக்கிள்காரர்களின் கணக்கை நம்பக் கூடாது. ஒட்டாகோவின் 152 கிலோமீட்டரை அவர்கள் மூன்று, நான்கு நாளில் முடிப்பார்கள். ஒரு நாளைக்கு 20, 22 கிலோமீட்டர் என்று வைத்தால் நடப்பவருக்கு ஏழு நாள். அந்த ஏழு நாளும் திறந்த வானம், காற்று, புல்வெளி. அந்தத் தனிமைக்காகவே போகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அது பெரிய வரம். மற்றவர்களுக்கு இரண்டு நாள் நடை போதும் என்பது என் எண்ணம். ஒன்று கவனிக்க வேண்டும்: பழைய நிலையத்துக்கு ஊரின் பெயர் இருப்பதால் ஊர் அங்கேயே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலுக்கு வசதியான இடத்தில் நிலையம் கட்டினார்கள். ஊர் பல சமயம் மேட்டின் மேல், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நாள் முடிவில் அந்த மூன்று கிலோமீட்டர் ஏற்றம்தான் மிகக் கடினமானதாகத் தெரியும். தங்குமிடம் தடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

எந்தத் திசையில் நடப்பது?

சைக்கிள்காரர்கள் இதற்காக மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை 240 கிலோமீட்டர் போகும் கிரேட் அலெகனி பாசேஜில், கம்பர்லாண்ட் பக்கமிருந்து முகட்டுக்கு 38 கிலோமீட்டரில் சுமார் 530 மீட்டர் ஏற வேண்டும். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து அதே முகட்டுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் மெல்ல மெல்ல ஏறலாம். பெடல் மிதிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். நடப்பவருக்கோ, அந்தச் செங்குத்தான பக்கத்தில்கூட 100 மீட்டருக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஏற்றம்தான். கால் அதை உணரவே உணராது.

ஆகவே நடப்பவர் திசையை வேறு காரணங்களுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் கிழக்குப் பார்த்து நடந்தால் வெயில் கண்ணில் அடிக்கும். மண்மேட்டின் மேல் போகும் துண்டுகளில் நிழலே இருக்காது, காற்றும் தடுப்பில்லாமல் வீசும். அதை வெயில் ஏறுவதற்கு முன் கடந்துவிடும்படி திட்டமிடலாம். பாறை வெட்டுகள் இதற்கு நேரெதிர். ஈரமும் பாசியும் பெரணிச் செடியுமாக நண்பகலிலும் குளுமையாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் சுவர்தான் தெரியும். வெட்டும் சுரங்கமும் மதியத்துக்கு, மேடும் பாலமும் காலைக்கும் மாலைக்கும் வரும்படி அமைந்தால் நாள் இதமாகப் போகும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். கிரேட் அலெகனி தடத்தில் உள்ள பிக் சாவேஜ் சுரங்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே கசியும் நீர் உறைந்து சுவரைப் பெயர்க்காமல் இருக்க, குளிர்காலத்தில் கதவு போட்டு மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் முழுத் தடத்தையும் தொடர்ந்து நடக்க முடியாது. ஹியாவதாவும் கோடையில்தான் திறந்திருக்கும்.

முதல் தடவை போகிறவர் எந்தப் பாதைக்குப் போவது என்று கேட்டால் என் பதில் இது: 12 முதல் 15 கிலோமீட்டர் நீளம், கல்தூள் தரை அல்லது அதற்கு நிகரான சீரான தரை, குறைந்தது ஒரு சுரங்கமும் ஒரு பெரிய பாலமும், முடிவிடத்தில் வண்டி நிறுத்த இடம். மான்சல் டிரெய்ல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. வயதானவர்களோடு போகிறவர் இதே மாதிரிப் பாதையில் ஒரு பழைய நிலையத்தில் தொடங்கி, பக்கத்துப் பாலம் வரை போய்த் திரும்பலாம். சுரங்கத்தில் விளக்கு இருக்கிறது என்று போட்டிருந்தாலும் டார்ச்சைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மான்சலிலும் விளக்குகள் பகல் நேரத்துக்கு மட்டும்தான் எரியும்.